மேமி கிளார்க்: அடிக்குறிப்பில் இல்லாத பெயர்

பாடசாலைகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954 மே 17ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பதினோராவது அடிக்குறிப்பில் முதலாவதாக வருவது உளவியலாளர் கெனத் கிளார்க்கின் பெயர். ஆனால், அவரது புகழ்பெற்ற பொம்மை ஆய்வுக்கு வித்திட்டவர் அவருடைய மனைவி மேமி. அது மேமியின் ஆய்வு, தாம் இடையில் வந்து சேர்ந்துகொண்டவர் என்று கெனத்தே பின்னாளில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 1917இல் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்த மேமி, ஹொவார்ட் பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்கப் போனவர். அங்கே உளவியலுக்கு மாறி, கறுப்பினச் சிறார் தம் நிறத்தை எப்போது, எப்படி உணர்கிறார்கள் என்பதையே முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அதன் தொடர்ச்சிதான் பொம்மைகள். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒத்த நான்கு பொம்மைகள். மூன்று முதல் ஏழு வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகள். விளையாட எது வேண்டும், எது நல்லது, எது கூடாதது என்று கேட்டார்கள். மூன்றில் இரு பங்கினர் விளையாட வெள்ளைப் பொம்மையையே கேட்டனர். இறுதியாக, “உன்னைப் போல இருப்பது எது?” என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். மணமகளுக்குச் “சிவந்த நிறம்” கேட்கும் விளம்பரங்களைப் பல்லாண்டுகள் பத்திரிகையில் அச்சேற்றியவர்களுக்கு இந்த முடிவுகள் வியப்பளிக்கமாட்டா.

இந்த ஆய்வு குறைகளற்றது என்று நான் சொல்லமாட்டேன். இன ஒதுக்கலைச் சட்டமாக்கியிருந்த தெற்கை விட, கலந்து படித்த வடபகுதியிலேயே வெள்ளைப் பொம்மையை விரும்பியோர் சற்று அதிகம். பாடசாலைப் பிரிவினை ஒன்றே காரணமென்றால் இதற்கு விளக்கம் ஏது என்ற விமர்சகர்களின் கேள்வி நியாயமானதே.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேமி தம் மேற்பார்வையாளராக வேண்டுமென்றே தெரிவுசெய்தவர், இன ஒதுக்கலை ஆதரித்த பேராசிரியர் ஹென்றி காரெட். அதே காரெட் பின்னர் வேர்ஜீனியா வழக்கில் பிரிவினைக்குச் சார்பாகச் சாட்சி சொன்னார். 1943இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும், கறுப்பினப் பெண்ணான மேமிக்குத் தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை.

எனவே 1946இல் தந்தையிடம் கடன் வாங்கி, கணவருடன் சேர்ந்து நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் சிறுவர்களுக்கான உளநல நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று பாடசாலைகள் ஒதுக்கிய தங்கள் பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே அழைத்து வந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படியொரு குறையே இருக்கவில்லை. 1979 வரை அந்நிலையத்தை நடத்திய மேமி 1983இல் காலமானார்.