உள்தாழ்ப்பாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "பாட்டி நல்லா இருக்காங்க. திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அத்தைக்கு 84 வயது. குழந்தைகள் இல்லை. மாமா போன பிறகு 26 வருடம் பொள்ளாச்சியில் தனியாகவே இருந்தார். போன மார்கழியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். கோவையில் ஆபரேஷன். இனி வாக்கர் பிடித்துத்தான் நடை. சம்மணம் போடக் கூடாது. ராத்திரி எழுந்தால் கூட ஒரு ஆள் வேண்டும்.

நான் பி.யு.சி. படித்த வருடம் அத்தை வீட்டில்தான் சாப்பாடு. இப்போது நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. எனக்கு 71 வயது. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மூன்று நாளில் ஓர் இடம் பார்த்தாக வேண்டும்.

கோவையில் முதியோர் குடியிருப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போன் செய்தபோதுதான் புரிந்தது. பெரும்பாலானவை தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்கானவை. "நடமாட்டம் இருந்தா மட்டும்தான் சார்" என்று இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் எல்லோரும் படுத்த படுக்கை. வாசலிலேயே மூத்திர வாடை. அங்கே அத்தையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது நாலாவது இடம். வடவள்ளிப் பக்கம் ஒரு வீடு, பன்னிரண்டு பேர். நடத்துகிற அம்மா பணத்தைப் பற்றிப் பேசுமுன், "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பாங்க? காப்பியா, டீயா?" என்று கேட்டார். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதியை நான் கேட்டேன். ராத்திரியில் எத்தனை பேர் முழித்திருப்பார்கள்? திடீரென்று முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார்கள்? இடையில் கிளம்பினால் டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும்? எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அத்தையிடம் சொன்னேன். அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் கண்ணு, ரூமுக்கு உள்தாழ்ப்பா இருக்குமா?"

இருக்காது. அவர் விழுந்த விதத்துக்கு இருக்கவும் கூடாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாளாகக் கட்டில், பாத்ரூம் கைப்பிடி, சாப்பாடு என்று எல்லாம் விசாரித்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. 26 வருடம் தன் கதவைத் தானே சாத்திப் படுத்தவருக்கு அதுதான் முதல் கேள்வி.

திங்கட்கிழமை அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தாழ்ப்பா வைக்க முடியாதுங்க. ஆனா யாரும் தட்டாம உள்ள போக மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பொள்ளாச்சி வீட்டுச் சாவி இன்னும் அத்தையின் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. போன வாரம் நான் நேரே உள்ளே நுழைந்துவிட்டேன். "தட்டிட்டு வா கண்ணு" என்றார். வெளியே போய்த் தட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் வயதானவர் இருந்தால், விழுவதற்கு முன்பே ஒருநாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இடம் தேட மூன்று நாள் போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொள்ள அது போதாது. விவரம் கேட்க, மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567 இருக்கிறது. எனக்கு இது முன்பே நினைவுக்கு வரவில்லை.

என் கேள்வி என்னவென்று பையனிடம் சொல்லி வைக்க வேண்டும். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.