வாப்பாவின் ஜனாஸாவில் வராத கண்ணீர்



கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் வாப்பா மவுத்தானார். வீடு நிறைய அழுகை. எனக்கும் நெஞ்சு வெடித்தது. ஆனால் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை, மண் விழுந்தது போல உறுத்தல் மட்டும்தான். "படிச்ச புள்ள, கல்லு மனசு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. நோன்பு திறக்கும்போது தண்ணீர் இல்லாமல் ஈச்சம்பழம் இறங்காது. பிஸ்கட் வாயில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் பாடத்திலேயே குரல் அடைத்துவிடும், வெண்கட்டித் தூசு என்று விட்டுவிட்டேன். ஒரே வருடத்தில் நான்கு பல் சூத்தை. காட்டிய இடமெல்லாம் "யோசிக்காதீங்க, தண்ணி குடியுங்க" என்றார்கள். கடைசியில் ஒரு பல் வைத்தியர்தான் வாயைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எச்சிலே இல்லையே" என்று வாதநோய் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்.

முதலில் ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. பொசிட்டிவ். அன்றிரவு போனில் தேடித்தேடி, இல்லாத வருத்தமெல்லாம் இருக்கிறது என்று நம்பி உம்மாவையும் அழவைத்தேன். டொக்டர் சொன்னார்: "டீச்சர், இது சுகதேகிகளுக்கும் பொசிட்டிவ் வரும். இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது."

பிறகு அன்டி ரோ, அன்டி லா. பிறபொருளெதிரி கிருமியை எதிர்க்கத்தான் என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். சிலருக்கு நிர்ப்பீடனத் தொகுதி ஆள் மாறி, சொந்தக் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிறது. இதுதான் ஷோக்ரென் நோய். 1933 இல் இதை விவரித்த சுவீடன் கண் வைத்தியரின் பெயர் அது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ரோ, லா என்பவை அந்த நோயில் இரத்தத்தில் காணப்படும் பிறபொருளெதிரிகள்.

எனக்கு ரோ பொசிட்டிவ். முடிந்தது கதை என்று நினைத்தேன். டொக்டர் ஒரு தாளில் புள்ளி போட்டுக் காட்டினார். 2016 இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து ஆய்வுகளுக்காக வகுத்த முறை அது. ரோ பொசிட்டிவ் என்றால் 3 புள்ளி. உதட்டின் உள்பக்கத்துச் சிறு சுரப்பியை எடுத்துப் பார்த்து அழற்சி போதிய அளவு இருந்தால் 3. கண்ணீர்க் குறைவு, எச்சில் குறைவு, கண் மேற்பரப்புப் பாதிப்பு ஒவ்வொன்றுக்கும் 1. தேவை 4. இரத்த ரிப்போர்ட் மட்டும் 3 தான், பாஸ் இல்லை!

கண்ணிமைக்குள் ஒரு தாள் துண்டை 5 நிமிடம் வைத்தார்கள். 5 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் 1 புள்ளி. எனக்கு நனைந்தது 2. ஆக மொத்தம் 4.

அன்றுதான் வாப்பாவுக்காக நான் ஏன் அழவில்லை என்று தெரிந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்று.

ஒன்று, ரோ நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது நெகட்டிவ்தான். அவர்களுக்குத்தான் உதட்டுப் பரிசோதனை அவசியமாகிறது.

இரண்டு, வாய் காய்வதெல்லாம் இந்த நோயுமில்லை. சீனி வருத்தம், தடிமனுக்கும் மனநோய்க்கும் குடிக்கும் சில மாத்திரைகளாலும் காயும். குடிக்கும் மருந்தையெல்லாம் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்று, பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் கவனம். ரோ தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்புத் தடைப்படலாம். முன்கூட்டியே சொன்னால் நாலாம் மாதத்திலிருந்து குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள். இன்னொரு பிள்ளைக்கு ஆசையுள்ள எனக்கு, இந்த ரிப்போர்ட்டில் மிகப் பெரிய விஷயம் இதுதான்.

முழுதாகச் சுகமாகாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து, புளோரைட் பற்பசை, கிளினிக் மாத்திரை, கையில் எந்நேரமும் தண்ணீர்ப் போத்தல். அல்ஹம்துலில்லாஹ், படிப்பிக்கிறேன்.

வாப்பாவின் மஃபிரத்துக்காக ஒரு துஆ செய்யுங்கள். அடுத்த மையித்து வீட்டில் அழாமல் நிற்கும் ஒருவரைக் கண்டால், பக்கத்தில் போய் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.