உமியோட வறுத்த சாமை

ஜப்பான்ல வேலை பாக்குற என் தங்கச்சி மகன் லீவுக்கு வந்தப்ப மூணு பொட்டலம் கொண்டு வந்தான். மூணும் டீயாம். வீட்டைச் சுத்திக் காப்பிச் செடி வெச்சிருக்கிற கொல்லிமலைக்காரனுக்கு டீ!

ஒண்ணு ஹோஜிச்சா. பச்சைத் தேயிலைய வறுத்துப் பழுப்பாக்கினது. இன்னொண்ணு கென்மைச்சா, பச்சைத் தேயிலையோட வறுத்த கைக்குத்தல் அரிசி. நடுநடுவுல பொரி மாதிரி வெள்ளையா பூத்துக் கிடக்கும். "மாமா, பச்சைத் தேயிலைல கொதிக்கிற தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, கசந்துடும். இறக்கி வெச்சு ஆறவிட்டு ஊத்துங்க"ன்னான். நான் அப்படியேதான் ஊத்தினேன். கஷாயம்.

மூணாவது முகிச்சா. பேருதான் டீ, தேயிலையே கிடையாது. வறுத்த பார்லி மட்டும். அங்க வெயில் காலத்துல வீட்டுக்கு வீடு காய்ச்சி, ஆறவெச்சு, தண்ணிக்குப் பதிலா குடிப்பாங்களாம்.

அம்மா அந்தப் பொட்டலத்தை மோந்து பாத்துட்டு, "கேவுரு வறுத்த வாசம்டா இது"ன்னாங்க.

அம்மாவுக்கு நாலு மணிக்கு மேல காப்பி குடிச்சா ராத்திரி தூக்கம் வராது. ஆனா எங்க குளிருக்குப் பொழுது சாயும்போது கையில சூடா ஒரு டம்ளர் வேணும். இத்தனை நாளா வெறும் வெந்நீர்தான். பார்லியில காஃபின் இல்லை. ஒரே மாசத்துல பொட்டலம் காலி. அதுக்குள்ள மருமகன் ஊருக்குக் கிளம்பிட்டான்.

"பார்லிய உமியோடவே வறுக்கிறாங்களாம்மா"ன்னு அவன் சொன்னதை அம்மாகிட்ட சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஏன்னு உங்களுக்குச் சொல்லணும். எங்க திண்ணனூர் நாட்டுச் சரிவுல ஒரு காலத்துல சாமை, கேழ்வரகு, தினைதான். அப்புறம் மரவள்ளி வந்துச்சு. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏறுச்சு, கையில காசு வந்துச்சு. எங்க வீட்டுல காசு மட்டும் காரணமில்லை, உரலும்தான். சாமை உமியை நீக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. பகல் முழுக்கக் காட்டுல வேலை செஞ்சுட்டு ராத்திரி உலக்கை போட்டது அம்மாதான். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில சிறுதானியத்தைக் காப்பாத்த 1990கள்ல இருந்து வேலை செய்யுது, உமி நீக்கும் மிஷினும் வந்துச்சு. எங்க வீட்டுல அதுக்குள்ள காடு மாறியாச்சு. விதைக்குன்னு பத்து சென்ட் மட்டும் அம்மா விடாம வெச்சிருக்காங்க.

அந்தச் சாமையைத்தான் கழுவிக் காயவெச்சு, இரும்புச் சட்டியில சின்னத் தீயில உமியோடவே வறுத்தோம். முதல் சட்டி கருகிப் போச்சு. ரெண்டாவது காப்பிக்கொட்டை நிறத்துல இறக்கினோம். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு கைப்பிடி, பத்து நிமிஷம் கொதி, வடிகட்டு. அவ்வளவுதான்.

பார்லி அளவுக்கு அடர்த்தி இல்லை, உண்மையைச் சொல்லிடறேன். முதல்ல பொரி வாசம், கடைசியில லேசா வைக்கோல் புகை. என் வீட்டுக்காரி ஒரு வாய் குடிச்சிட்டு, "இதுக்குக் கஞ்சியே குடிக்கலாம்"னு வெச்சுட்டா. அம்மா ரெண்டு டம்ளர் குடிச்சாங்க.

சாமை டீ கூரியர்ல கிடைக்குமான்னு கேட்டு எழுதாதீங்க. லிட்டருக்கு ஒரு கைப்பிடி ஆகிற சரக்கை வெச்சு மரவள்ளிக் காட்டைத் திருப்ப முடியாது. உங்க வீட்டுலயே கேழ்வரகு இருக்கும், வறுத்துப் பாருங்க. அதுக்கு உமித் தொல்லையும் இல்லை.

நேத்து டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, "அடுத்த விதைப்புக்குப் பத்தை இருபதாக்கு"ன்னாங்க அம்மா. அந்தப் பத்து சென்ட்டுல இப்ப கிழங்கு நிக்குது. பதில் சொல்லாம நானும் ஒரு டம்ளர் ஊத்திக்கிட்டேன்.