அரைவட்டப் படிக்கட்டு

திங்கள்

கோவை வீட்டு வேலையில் இன்று படிக்கட்டுக்கு வந்தேன். கூடத்து ஓரமாக அரைவட்டத்தில் வளைந்து ஏறும் கான்கிரீட் படி. நடுவில் தூண் கிடையாது. தளத்துக்குத் தளம் 3150 மி.மீ. ரெவிட் மென்பொருளில் உயரத்தைக் கொடுத்தால் மீதிக் கணக்கை அதுவே போட்டுவிடும். படி உயரம் 180-ஐத் தாண்டக்கூடாது என்பது எங்கள் அலுவலக ஏற்பாடு. ஆக 18 ரைசர் (படியின் நிமிர்ந்த முகம்), தலா 175. மையத்தில் ஒரு சொடுக்கு, ஆரத்தில் ஒரு சொடுக்கு, படி எழும்பி நிற்கிறது. கைப்பிடியும் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்கிறது.

அழகுதான். ஆனால் நேர்ப்படிக்கு டிரெட் (கால் பதியும் தட்டு) அளவு ஒன்று. வளைபடியில் ஒரே படிக்கு இடத்துக்கு ஓர் அளவு. உள் ஆரம் 900, படியின் அகலம் 1000 என்று வைத்ததில் உள்விளிம்பில் 166, நடுவில் 259, வெளிவிளிம்பில் 351. வீட்டுப் படிக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது குறைந்தது 250. மென்பொருள் நடுக்கோட்டை அளந்து திருப்தியாகிவிடுகிறது. உள்பக்கக் கைப்பிடியைப் பற்றி இறங்கும் வயதானவருக்கு அங்கே பாதம் முழுதாகப் பதியாது. அதைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதன்

வீட்டுக்காரரின் அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். திரையைப் பார்த்தபடி விரலை மடக்கினார். "இந்திரன், எமன், ராஜா... இந்திரன், எமன்..." பதினேழில் நின்றார்.

"ஏனுங் தம்பி, எமன்ல வந்து முடியுதே?"

ரைசர் 18 என்றால் டிரெட் 17தான். கடைசி ரைசரைத் தாண்டினால் கால் மேல்தளத்தில். தளத்தையும் சேர்த்தால் பதினெட்டு, ராஜா என்று சொல்லிப் பார்த்தேன். "தளம் எப்படிப் படியாகும்?" என்றார். நியாயமான கேள்வி. எண்ணிக்கை எமனில் முடியக்கூடாது என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் தினமும் அந்தப் படியில் ஏறி இறங்கப் போகிறவர் அவர்.

19 ரைசர் வைத்தால் வம்பே இல்லை. டிரெட்டை எண்ணினால் 18, ராஜா. தளத்தையும் சேர்த்தால் 19, இந்திரன், ஒற்றைப்படையும்கூட.

வியாழன்

ஒரு ரைசர் கூடியதும் எல்லாமே நகர்கிறது. உயரம் 165.8 ஆனது நல்லதே. ஆனால் அதே அரைவட்டத்தில் 18 டிரெட் என்றால் நடுவில் 244. உடனே எச்சரிக்கை வந்தது. அரைவட்டத்தைத் தாண்டிச் சுற்றவிடலாம். அப்படிச் சுற்றினால் இறங்குமிடம் பூஜையறை வாசலில் இடிக்கிறது. ஆரத்தை 100 கூட்டினேன். நடுவில் 262, உள்விளிம்பில் 175. இரண்டு உயரமும் ஒரு டிரெட்டும் சேர்ந்தால் மனிதன் நடக்கும் ஓர் எட்டு அளவு வரவேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா ப்ளோண்டேல் போட்ட கணக்கு. இங்கே 593 வருகிறது, வீட்டுக்குப் போதும். மேல்தளம் இன்னும் போடாததால் பீமைத் தள்ளிவைக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முணுமுணுப்போடு ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்காரருக்குக் கீழ் மூன்று படிகள் வெளிப்பக்கமாக விரிய வேண்டுமாம். தயார்நிலைச் சுழல்படியில் அது நடக்காது. ஸ்கெட்ச்சாக மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் மறுபடி பழைய வகைக்குக் கொண்டுவர முடியாது என்பதால் நகல் ஒன்றை ஒதுக்கிவிட்டுத்தான் தொட்டேன். பச்சைக் கோடு விளிம்பு, கறுப்பு ரைசர், நீலம் ஏறும் பாதை. வெளிப் பச்சையை வளைத்துவிட்டு, கறுப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக அதில் முட்டும்வரை நீட்டினேன்.

சனி

சைட். சென்ட்ரிங் மேஸ்திரி முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்குதுங் தம்பி. இதுல நான் எந்தப் பலகைய எத்தனைக்கு வெட்டறது?"

நியாயம்தான். இந்தப் படியின் அடிப்பரப்பு வளைவதோடு முறுக்கிக்கொண்டும் போகிறது. பிளைவுட்டை அதில் படுக்கவைக்க முடியாது. ஆனால் மையத்திலிருந்து வெளியே இழுக்கும் எந்தக் கோடும் அதில் நேர்க்கோடுதான். அதனால் ஒருபக்கம் குறுகிய பட்டைப் பலகைகளை விசிறி மடிப்பாக அடுக்கினால் பரப்பு கிடைத்துவிடும். அவற்றைத் தாங்கும் இரண்டு விளிம்புகளின் சரிவு மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

விளிம்பைச் சுவரிலிருந்து உரித்த தாள் போல விரித்தால் வளைவு மறைந்து சாதாரணச் செங்கோண முக்கோணம் ஆகிவிடுகிறது. உள்விளிம்புக்கு அடி 3142, வெளிவிளிம்புக்கு 6283. கடைசி ரைசரைக் கழித்தால் ஏற்றம் இரண்டுக்கும் 2984. சரிவு உள்ளே 43.5 பாகை, வெளியே 25.4. சிமென்ட் மூட்டைமேல் தாளை வைத்து வரைந்து கொடுத்தேன். கீழ் மூன்று படி தரைமேல் செங்கல் கட்டு என்பதால் அதைக் கழித்துக்கொண்டார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஞாயிறு

ரெவிட் இந்த விரிப்பைத் தானாகத் தருவதில்லை. தனியாக உட்கார்ந்து வரைந்து, மற்ற தாள்களோடு சேர்த்தேன். வளைபடி வரைகிறவர்களுக்கு ஒன்று: வாடிக்கையாளருக்கு முப்பரிமாணப் படம் அனுப்புங்கள், சைட்டுக்கு உள், வெளி விளிம்புகளின் விரிப்பை அனுப்புங்கள்.