மொதல்ல மனுசனப் பாரு

இலங்கை மலைக்காடுகளில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் கடமானை ‘எல்க்’ என்றுதான் சொன்னார்கள். 1850ஐ ஒட்டிய வருடங்களில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் குத்தி வீழ்த்தியதாக எழுதிய ‘எல்க்’ எல்லாம் நம்ம ஊர்க் கடமான்தான். நிஜமான எல்க் வட அமெரிக்காவில் இருக்கிற வேறொரு பெரிய மான்.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் மாட்டித்தான் நான் அமெரிக்க எல்க் வேட்டைக்காரர்களின் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். என்னிடம் துப்பாக்கி கிடையாது. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் அது தேவையும் இல்லை. ஆனால் அவர்களுடைய சிக்கலும் என்னுடைய சிக்கலும் ஒன்றாக இருந்தன. அங்கே பொது நிலத்தில் உரிமம் வாங்கிய யாரும் வேட்டையாடலாம். சீசன் தொடங்கிய முதல் வாரத்தில் சாலையோரமெல்லாம் வண்டி நிற்கும். எல்க் அத்தனையும் தனியார் பண்ணைகளுக்குள்ளும் அடர்காட்டுக்குள்ளும் போய்விடும். எல்லோரும் தேடுகிற இடத்தில், எல்லோருக்கும் ஒளிகிற ஒன்றை எப்படிப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவு. முன்னால் லாரி, பின்னால் கார், நடுவில் மைசூர் போகிற பைக் கூட்டம். ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தால்கூட பத்து வண்டி நிற்கும். சத்தியமங்கலம் 2008இல் சரணாலயமாகி, 2013இல் புலிகள் காப்பகமானது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அவ்வளவு பெரிய காட்டில் நாமெல்லாம் சேர்ந்து பார்ப்பது ரோட்டின் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் பகல் நேரத்துக் கடமானைப் பார்த்துவிட்டால் அது அதிர்ஷ்டம்.

என் அப்புச்சிக்கு வயது எண்பதை நெருங்குகிறது. தாளவாடிப் பக்கம் ஒரு ஊரில், காட்டை ஒட்டின தோட்டத்தில் மாமாவோடு இருக்கிறார். சட்டம் வருவதற்கு முன்னால், இளவட்டமாக இருந்தபோது, லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களுக்கு வழி காட்டப் போனவர். நான் படித்த குறிப்புகளை ஒவ்வொன்றாக அவரிடம் சொன்னேன். எதுவும் அவருக்குப் புதுசில்லை.

“மான எங்கீன்னு தேடாத கண்ணு. மொதல்ல மனுசனப் பாரு. ஆளு எங்க போறதுக்குச் சோம்பப்படறானோ, அங்கதான் அது நிக்கும்.”

எல்க்காரர்கள் இதையே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ரோட்டை விட்டுத் தள்ளிப் போ. வாரக் கடைசியை விட்டு வார நடுவில் போ. கூட்டத்தைத் திட்டாதே, அது மானை எந்தப் பக்கம் தள்ளும் என்று யோசித்து அங்கே போய் உட்கார். புலிகள் காப்பகத்தில் வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்பதால், ரோட்டை விட்டுத் தள்ளிப் போவது நமக்கு ஆகாது. நேரத்தையும் பக்கத்தையும் மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

அடுத்தது காற்று. கடமானுக்கு மூக்கும் காதும்தான் உயிர். அசையாமல் உட்கார்ந்தால் கண்ணை ஏமாற்றிவிடலாம், மூக்கை முடியாது. வெயில் ஏறினால் சரிவின் காற்று சூடாகி மேலே போகும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்து கீழே இறங்கும். எங்கள் தோட்டம் கீழே, காடு மேலே. ஆக, சாயங்காலத்திலிருந்து விடியும் வரைக்கும் நம் வாசம் காட்டுக்குப் போகாது. வெயில் வந்தபின் உட்கார்ந்திருப்பது வீண். எல்க் வேட்டைக்காரர்கள் இதைப் பார்க்கச் சின்ன டப்பாவில் பவுடர் வைத்திருப்பார்களாம். அப்புச்சி மடியிலிருந்து துந்நூறு எடுத்துத் தூவிப் பார்ப்பார்.

ஆனால் அவர் பார்த்த காடும் நான் பார்க்கிற காடும் ஒன்றல்ல. மனிதத் தொந்தரவு விலங்குகளின் இரவு வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று, உலகம் முழுக்க 62 பாலூட்டி இனங்களைப் பற்றி வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பகலையும் இரவையும் சரிபாதியாகப் பிரித்து நடமாடிய விலங்கு, மனிதர் பக்கத்தில் வந்தால் தன் நடமாட்டத்தில் 68 சதவீதத்தை இரவுக்குத் தள்ளிவிடும் என்பது அதன் கணக்கு. துப்பாக்கியோடு போனாலும் சும்மா நடந்துபோனாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். கடமான் ஏற்கெனவே இருட்டில் மேய்கிற பிராணி. அதைப் பார்க்க மட்டுமே போகிற என்னையும் அது வேட்டைக்காரன் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

நாம் காட்டைக் கற்கிற மாதிரி காடும் நம்மைக் கற்கிறது. காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யானை நம் நேரத்தைத் தெரிந்துகொண்டு கிட்டே வந்தது. கடமான் அதே நேரத்தைத் தெரிந்துகொண்டு தள்ளிப் போனது.

அமெரிக்காவில் இந்த நெருக்கடிக்கு நேரத்தைப் பங்கு போட்டார்கள். கொலராடோவில் துப்பாக்கி சீசனையே நான்காகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு பங்கீடு நடந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. கனரக வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, மற்ற வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. இரவு காட்டுக்கு, பகல் நமக்கு. படித்தபோது எனக்கு நியாயமாகப் பட்டது. மாமாவுக்குப் படவில்லை.

“சாயங்காலம் பறிச்ச கோசு ராத்திரியே கீழ எறங்கோணும். வெடிஞ்சு எறங்குனா எந்த மார்க்கெட்டுல வெல கெடைக்கும்?” என்றார். தாளவாடி மலையே அப்போது போராட்டத்தில் இறங்கியது. பிறகு தளர்வுகள் வந்தன. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி இருக்கிறது. கூட்டம் என்று நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமை கார்களை. சட்டம் நிறுத்திய வண்டிகளில் அவர் லோடும் இருந்தது.

போன தை மாதம் ஒரு ராத்திரி மூன்று பேரும் பரணில் இருந்தோம். நடுச்சாமத்துக்குமேல் மேற்குப் பக்கத்துத் தோட்டத்தில் யானை விரட்ட வெடி போட்டார்கள். அப்புச்சி துந்நூறு தூவிப் பார்த்துவிட்டு, கிழக்கே ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். அங்க சத்தம்னா இங்கதான் வரோணும். ஒரு மணி நேரம் போயிருக்கும். கால் மரத்துப்போனது. ஓடைக்கு மேலே இருட்டில் இன்னொரு இருட்டு அசைந்தது. முதலில் கொம்பு, பின்னால் கழுத்து. நிலா வெளிச்சத்தில் அது கோஸ் பாத்திக்குள் இறங்கித் தலையைக் குனிந்தது. மென்கிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் தலை தூக்கவில்லை.

மாமா டார்ச்சை எடுத்தார். அப்புச்சி அவர் மணிக்கட்டில் கையை வைத்தார். மாமா என்னைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், டார்ச்சை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒன்பது நிமிடம். அதற்குமேல் அவரால் முடியவில்லை. வெளிச்சம் விழுந்ததும் அது காலை ஓங்கித் தரையில் அடித்தது, ‘டாங்’ என்று ஒரு சத்தம், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் போய்விட்டது.

காலையில் மாமா பாத்தியில் இறங்கி எண்ணினார். “பதினாலு கோசுங் மாப்ள. உம்பட கணக்குல எழுதிக்கறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பர்ஸை எடுத்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த கோஸ்களைப் பறிக்கப் போனார்.