செவியும் கிவியும்

மொழியியலில் முதுகலை முடித்தவருக்கு மரபணு ஆய்வகத்தில் என்ன வேலை என்று பலரும் கேட்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இதே பாதையை எண்ணிப்பார்க்கும் மாணவர்களுக்காகச் சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

வந்த காரணத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019இல் ராக்கிகடி ஆய்வுக் கட்டுரை வெளியானது. அரியானாவின் அந்தச் சிந்துவெளி நகரில் எடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளில், ஒரேயொரு பெண்ணின் மாதிரியே ஆய்வுக்குத் தேறியது. புல்வெளி மேய்ப்பர்களின் மரபுக்கூறு அவரிடம் காணப்படவில்லை. அவர் பேசியது திராவிட மொழிதான் என்பதை மரபணுவே ஒருநாள் சொல்லிவிடும் என்று நம்பினேன். அந்த நாளில் நான் அருகில் இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

வாசல் எளிதில் திறக்கவில்லை. உயிர் அறிவியலுக்கான தேசியத் தகுதித் தேர்வுக்கு அறிவியல் பட்டம் வேண்டும். என்னிடம் இருந்ததோ மொழியியலில் பெற்ற தகுதி. எனவே மொழியியல் துறையிலேயே பதிவு செய்துகொண்டு, ஐதராபாத்தில் ஒரு மரபியல் ஆய்வகத்தில் இணை வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொண்டேன். முதலாண்டு முழுவதும் நிகழ்தகவும் புள்ளியியலும் படிப்பதிலேயே கழிந்தது.

இடையில் ஒரு மகிழ்ச்சியும் வாய்த்தது. ஆய்வகக் கூட்டமொன்றில் கரும்பலகையில் எழுதினேன்: தமிழில் செவி, மலையாளத்தில் செவி, தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் மட்டும் கிவி. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் மூன்றும் ஒரே கிளை என்று தோன்றும். உண்மையில் மூல ககரத்தைக் காத்து நிற்பது கன்னடம். தெலுங்கில் அது சகரமானது தமிழைச் சாராமல் தனியே நிகழ்ந்த மாற்றம். "பறவைக்கும் வௌவாலுக்கும் சிறகு தனித்தனியே தோன்றியதைப் போலத்தானே!" என்றார் உயிரியல் படித்த தோழி. ஒற்றுமை எல்லாம் உறவாகாது என்பதை இரு துறைகளும் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன. டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல்; ஷ்லைகர் மொழிகளுக்கு மரம் வரைந்தது 1853இல். அன்று எனக்குச் சற்றுப் பெருமிதமாகவே இருந்தது.

பெருமிதம் நீடிக்கவில்லை. முதல் இயலின் வரைவில் "திராவிட மரபணு" என்று எழுதியிருந்தேன். இணை வழிகாட்டி அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "எந்த மரபணு தமிழ் பேசுகிறது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டு நாள் அவருடன் சரியாகப் பேசவில்லை. பிறகு பிராகுயி பற்றிய கட்டுரைகளைப் படித்தேன். பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி ஒரு திராவிட மொழி. அதைப் பேசுவோரின் மரபணுத்தொகையோ அயலிலுள்ள பலூச்சி மக்களுடையதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை.

அவ்வளவு தூரம் போயிருக்கவும் வேண்டியதில்லை. என் அப்பாவழிப் பாட்டி வீட்டில் தெலுங்கு பேசியவர். "செவுலு" என்று சொல்லிக்கொண்டே என் காதைத் திருகுவார். அவருடைய டி.என்.ஏ.வில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு என்னிடம் இருக்கிறது. அவருடைய மொழியில் பத்துச் சொற்களுக்கு மேல் இல்லை. நடுவில் கழிந்தவை இரண்டே தலைமுறைகள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரின் எலும்பிடம் நான் மொழியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

அதற்காக இந்த ஆய்வு வீண் என்று பொருளில்லை. யார் எப்போது யாருடன் கலந்தார்கள் என்பதை மரபணு சொல்லும். சொற்களின் சான்றைத் தனியே கணக்கிட வேண்டும். 2018இல் இருபது திராவிட மொழிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, அக்குடும்பத்தின் வயதை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று மதிப்பிட்டது. இரு சான்றுகளும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பிக்கை வலுக்கும். அவை பிரியும் இடத்தில், ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியை விட்டு வேறொன்றை ஏற்றுக்கொண்ட வரலாறு ஒளிந்திருக்கக்கூடும். என் ஆய்வேடு இப்போது அந்தப் பிரிவுகளைப் பற்றியது.

இத்துறைக்கு வர எண்ணும் மொழியியல் மாணவர்களே, தயங்காமல் வாருங்கள். கணக்கைக் கற்றுக்கொள்ளலாம், ஒப்பியல் முறையில் பழகிய கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. விரும்பும் விடையை மட்டும் வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பழந்தொல் டி.என்.ஏ. நன்கு எஞ்சி நிற்பது உட்செவியைச் சூழ்ந்த எலும்பில்தான். அந்தச் செவி கேட்ட மொழி அதில் எஞ்சுவதில்லை.