எந்த வரியில்?

தொடக்கப் பள்ளியில் பணியாற்றியோர் அனைவரும் ஒன்றை அறிவர். பாடத்தைப் படித்து முடித்துக் கேள்வி கேட்டவுடன் பிள்ளைகளின் கண்கள் புத்தகத்தை நோக்கிச் செல்வதில்லை. ஆசிரியரின் முகத்தை நோக்கியே செல்கின்றன. நாம் புருவத்தை உயர்த்தினால் விடையை மாற்றிக்கொள்வர். தலையசைத்தால் உரக்கச் சொல்வர். நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் நான் எண்ணுவது இதுதான்: பிள்ளையின் கண்களை நம் முகத்திலிருந்து நூலின் வரிக்குத் திருப்புவதே வாசிப்புக் கல்வியின் தலையாய பணி.

இதற்குப் பெரிய கருவிகள் ஏதும் வேண்டியதில்லை. "எந்த வரியில் இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி போதும். விடை சொல்லும் பிள்ளை அதற்குரிய வரியில் விரலை வைக்க வேண்டும், பின்னர்ப் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும், இறுதியாக, "நான் இப்படி நினைக்கிறேன், ஏனென்றால் பாடத்தில் இப்படி இருக்கிறது" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் இதில் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. தவறான விடைக்கு மட்டும் இக்கேள்வியைக் கேட்டால் அது பிரம்பாக மாறிவிடும். கேட்ட மாத்திரத்தில் பிள்ளை விடையை விழுங்கிக்கொள்ளும். எனவே சரியான விடைக்கும், முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அப்பொழுதுதான் இது குற்றம் காணும் கேள்வியன்று, தேடச் சொல்லும் கேள்வி என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

காக்கையும் நரியும் கதையை அறியாத குழந்தை நம் ஊர்களில் உண்டோ? ஒருமுறை அதனைச் சற்று மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். என் கதையில், பாடச் சொன்ன நரியின் பேச்சைக் கேட்ட காக்கை, வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கரைந்தது. "வடை என்ன ஆயிற்று?" என்று வினவினேன். "கீழே விழுந்தது!" என்று வகுப்பே முழங்கியது. எதையும் முந்திச் சொல்லும் சிறுவன் ஒருவன் குரல் எல்லாவற்றிற்கும் மேலாக ஒலித்தது. அப்பொழுது கடைசி வரிசையிலிருந்து, பீடி சுற்றும் தாய் ஒருத்தியின் மகள் எழுந்து வந்தாள். வாய் திறந்து பேசுவதே அரிதான பிள்ளை. மூன்றாம் வரியில் விரலை வைத்து, "காலுக்கு அடியில வச்சிருக்கு டீச்சர்" என்றாள். அந்தச் சிறுவனும் அருகில் வந்து வரியைப் படித்தான். "ஆமாம் டீச்சர், விழவில்லை" என்றான்.

அங்கு நிகழ்ந்தது என்ன? நாற்பது குரல்களுக்கு எதிரே ஒரு குரல் நின்றது. அதனை நிற்கச் செய்தது குரலின் வலிமையுமன்று, வீட்டின் செல்வமுமன்று, ஒரு வரி. தோற்றதாக எண்ணி அந்தச் சிறுவனும் வருந்தவில்லை. அவனைத் திருத்தியது வரியேயன்றி அவளன்று.

எல்லா விடைகளும் எழுத்தில் வெளிப்படையாக இருப்பதில்லை என்பதும் உண்மையே. "முருகன் குடையை உதறித் திண்ணையோரம் சாய்த்தான். அம்மா துண்டை நீட்டினாள்" என்று படித்தால், வெளியே மழை என்று பிள்ளை சொல்லும். மழை என்னும் சொல் அங்கில்லை. அதன் அடையாளங்கள் இருக்கின்றன. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று உணர்வதை மணிமேகலையின் 27ஆம் காதை கருத்தளவையில் ஒரு வகையாகக் கூறுகிறது. நம் முன்னோர் ஆய்ந்த அதே நெறியைத்தான் குடையைக் காட்டி நாம் கற்பிக்கிறோம். நான்காம் வகுப்பு மாணவரின் வாசிப்பை 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளந்துவரும் பிர்ல்ஸ் என்னும் பன்னாட்டு ஆய்வும், வெளிப்படையாக உள்ளதைக் கண்டெடுத்தல், உய்த்துணர்தல், கருத்துகளை இணைத்து விளக்குதல், மதிப்பிடுதல் என நான்கு திறன்களையே நோக்குகிறது.

"அம்மா கோபமாக இருந்தாளா?" என்று கேட்டால், "பாடம் சொல்லவில்லை" என்பதே சரியான விடை. இவ்விடைக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று அறிந்த பிள்ளை, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் கட்டாயத்திலிருந்து விடுபடுகிறது.

கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. எழுத்தைக் கூட்டிப் படிக்கச் செய்வது இன்றியமையாத முதற்படி. ஆயினும் அது முதற்படியே. படித்ததிலிருந்து சான்று காட்டக் கற்காத பிள்ளை, பிறர் சொல்வதை நம்பியே வாழ நேரும்.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைதான் தன் வீட்டுக்கு வரும் கடன் பத்திரத்தையும், கைப்பேசியில் பரவும் வதந்தியையும் பெற்றோருக்குப் படித்துக் காட்டுகிறது. வட்டி எவ்வளவென்று தரகர் வாயால் சொல்வது ஒன்று. தாளில் இருப்பது மற்றொன்றாக இருக்கலாம். அவ்வேளையில் அப்பிள்ளையின் அருகில் ஆசிரியர் இருக்கப் போவதில்லை. கையெழுத்திடப் போகும் தந்தையை ஒரு கணம் நிறுத்தி, "இது எந்த வரியில் இருக்கிறது, ஐயா?" என்று பணிவோடும் அச்சமின்றியும் கேட்கும் துணிவை, வகுப்பறையில் நாம் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும்.